தண்ணி பிடிக்க ஆளில்லாத தேங்காய்

"ஐயையோ!" என்று கத்தினார் ராஜேந்திரன். அந்த மாடி வீட்டில் அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. ஆகவே "என்னாச்சு?" என்று கேட்கும் பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது.

"என்னாச்சா? தேங்காத் தண்ணி மொத்தமும் லேப்டாப்புக்குள்ள போயிடுச்சு!" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

2008-ஆம் வருஷம், ஆயுத பூஜை, புதன்கிழமை காலை பத்து மணி. திருவண்ணாமலை போளூர் ரோட்டை ஒட்டிய தெரு. ஹால் மேஜைமேல் வாழையிலை விரித்து அருவாமணை, கத்தரிக்கோல், ஸ்குரூ டிரைவர், மொபெட் சாவி, நில அளவை ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் வரைபடம் போட்ட ஸ்கேல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார். நடுவில் லேப்டாப். மூடி வைத்தால் சாமிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி இருக்கும் என்று அதைத் திறந்து, ஓடவிட்டு, நெற்றிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். அந்த மட்டும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

தேங்காய் உடைப்பது ரெண்டு பேர் வேலை. ஒருத்தர் இடது கையில் தேங்காயை ஏந்தி, அருவாள் முதுகால் தட்ட வேண்டும். இன்னொருத்தர் கீழே சொம்பு பிடிக்க வேண்டும். முப்பது வருஷம் சொம்பு பிடித்தவர் ரேணுகாம்பாள், அவருடைய மனைவி. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. போன ரெண்டு வருஷமும் ராஜேந்திரன் பூஜையே போடவில்லை. இந்த வருஷம் போட்டது லேப்டாப்புக்காகத்தான். அது அவருக்குச் செய்த உபகாரம் அப்படி.

டொராண்டோவில் இருக்கும் மகள் வினோதினி போன வருஷம் வந்தபோது வைத்துவிட்டுப் போன லேப்டாப் அது. ஞாயிறுதோறும் இரவு ஏழு மணிக்கு அதில் மகள் முகம் தெரியும். அரை மணி நேரம் பேசுவாள்.

"நான் கூப்பிட்டா அதுவே எடுத்துக்கும்ப்பா. காமிராவும் அதுவே போட்டுக்கும். நீங்க ஒண்ணும் அமுக்க வேணாம். எதிர்ல வந்து உக்காந்தா போதும்" என்று எல்லாம் சரிசெய்து கொடுத்திருந்தாள். ஓரத்தில் ஒரு சீட்டும் ஒட்டியிருந்தாள்: 'அப்பா, தண்ணி ஆகாது.'

ராஜேந்திரனின் வாரம் என்பது அந்த அரை மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் அதற்குக் காத்திருப்பது. இன்றைக்குப் புதன். ஞாயிற்றுக்குள் இது பிழைக்க வேண்டும்.

அவசரமாகத் துண்டை எடுத்துக்கொண்டு ஓடியவர், மேஜைக்கு ஓரடி முன்னால் அப்படியே நின்றார்.

பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலை மறுபூஜை முடிகிற வரை தொடக்கூடாது. ரேணுகாம்பாள் இதில் மகா கறார். ஒரு வருஷம் இவருடைய மூக்குக்கண்ணாடியைப் பூஜையில் வைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க மனுஷனைச் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கவிட்டாள். "சாமி கிட்ட குடுத்தத திருப்பி வாங்க உனக்கு என்னய்யா அவசரம்?" என்று வேறு கேட்டாள்.

"தொடாம எப்படித் துடைக்கிறது?" என்று மாலை போட்ட போட்டோவைப் பார்த்துக் கேட்டார். போட்டோ விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகவே துண்டை மடியில் வைத்துக்கொண்டு லேப்டாப்புக்கு எதிரே உட்கார்ந்தார். தேங்காய்த் தண்ணீர் எழுத்துக் கட்டைகளுக்கு நடுவே நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் போல லேப்டாப் தானாக எழுத ஆரம்பித்தது. வினோதினிக்குச் சேதி எழுதுகிற கட்டத்தில் முதலில் ஒரு ஆங்கில ஜே வந்தது. அப்புறம் நாலு ஜே. சாயங்காலத்துக்குள் வரிவரியாக ஜே.

"என்ன எழுதணுமோ எழுது. அனுப்பிடாத, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று கெஞ்சினார்.

வியாழன் காலை மறுபூஜை முடிந்ததும் முதல் வேலையாக லேப்டாப்பைத் தொட்டார். கையெல்லாம் பிசுபிசுத்தது. ஜன்னலிலிருந்து மேஜை வரை எறும்பு சாரை சாரையாக வந்து ஸ்பேஸ் கட்டைக்கு அடியில் குடியேறிக்கொண்டிருந்தது.

"வாங்க வாங்க. நேத்து பூஜைக்கு ஒருத்தரும் வரல. நீங்களாவது வந்தீங்களே" என்றார் ராஜேந்திரன்.

ஊதினார். எறும்பு உள்ளே போனது. எறும்புப் பொடி தூவினார். பொடியும் உள்ளே போனது. பொறுமை போய், லேப்டாப்பைத் தலைகீழாகப் பிடித்து அரிசி முறத்தைத் தட்டுவது மாதிரி நாலு தட்டு தட்டினார். எறும்பு கொட்டியது, பொடி கொட்டியது, அடியில் தேங்கியிருந்த மிச்சத் தண்ணீரும் வழிந்து, மூடியில் இருந்த திரைப்பக்கம் இறங்கியது. திருப்பி நிமிர்த்தினால் திரையில் குறுக்கும் நெடுக்கும் கோடு.

வெள்ளிக்கிழமை காலை எதிர்வீட்டுச் சின்னசாமியைப் போய்க் கூப்பிட்டார். சின்னசாமி எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் காயில் சுற்றி ரீவைண்டிங் பண்ணுகிறவர். கிணற்றில் முழுகிய மோட்டாரையே பிழைக்க வைத்த கை. வந்தவர் லேப்டாப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சார், இவ்ளோ ஒல்லியா கீது? காயில் எங்க இருக்கும்?"

"காயிலெல்லாம் இருக்காதுன்னு நினைக்கிறேன் சின்னசாமி."

"காயில் இல்லாத மிஷினா? சரி வுடுங்க. தண்ணி பூந்துச்சா, சூடு காட்டணும். எந்த மிஷினா இருந்தாலும் ரூலு ஒண்ணுதான்."

மோட்டாருக்குக் கட்டுகிற இருநூறு வாட் பல்பைக் கொண்டுவந்து லேப்டாப்புக்கு நேர் மேலே தொங்கவிட்டார். ரெண்டு பேரும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ராஜேந்திரனுக்கு மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த ஹாலில் ரெண்டு நாற்காலியும் நிறைந்து எத்தனையோ மாதம் ஆயிற்று.

"சின்னசாமி, காப்பி சாப்பிடறியா?"

"இப்பதான் சாப்ட்டேன் சார்."

"இன்னொரு தடவை சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாது. உக்காரு."

காப்பி போட்டுக்கொண்டு வருவதற்குள் பிளாஸ்டிக் தீய்கிற வாசனை ஹாலில் நிரம்பிவிட்டது. நாலைந்து எழுத்துக் கட்டைகள் வறுத்த வடகம் மாதிரி மேல்நோக்கி வளைந்திருந்தன. லேப்டாப் "டொய்ய்ங்" என்று ஒரு சத்தம் போட்டது. அதுதான் அது போட்ட கடைசிச் சத்தம். ஸ்பீக்கர் போய்விட்டது.

"தண்ணி காஞ்சிடுச்சு சார்" என்றார் சின்னசாமி.

"சத்தமும் காஞ்சிடுச்சுப்பா!"

"ஜாஸ்தி சூடு வச்சுட்டோம். அதான். கம்மியா வச்சிருக்கணும்."

அந்த நேரம் பார்த்து, வளைந்துபோன கட்டைகளில் ஒன்று தன்னைத்தானே அமுக்கிக்கொண்டது. புதன்கிழமையிலிருந்து சேர்ந்திருந்த அத்தனை ஜேயும் ஒரே மூச்சில் டொராண்டோவுக்குக் கிளம்பிப் போயின.

ராஜேந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு. அனுப்பிடுச்சு!"

"இன்னா அனுப்பிச்சு?"

"ஜே. எட்டுப் பக்கம்."

அடுத்த அஞ்சாவது நிமிஷம் வீட்டு போன் அடித்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற அழைப்பு என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. அந்த நேரத்தில் அவரைக் கூப்பிட உள்ளூரில் யாரும் கிடையாது.

"எடுங்க சார். பாப்பாவாதான் இருக்கும்" என்றார் சின்னசாமி.

"எடுக்க முடியாது."

"ஏன் சார்?"

சொல்ல முடியாத சிக்கல் அது. போன ஞாயிற்றுக்கிழமை வினோதினி, "பூஜைக்குத் தனியாவாப்பா இருக்கப் போறீங்க?" என்று முகம் வாடிப்போய்க் கேட்டாள். மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை. "தனியா? யாரு சொன்னது? பத்து பேரு வர்றாங்க. சுண்டலுக்குக் கடலை ஊறப் போடணும்" என்று அள்ளிவிட்டார். மூன்று வருஷமாகவே அள்ளிவிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பௌர்ணமிக்குக் கிரிவலம் போக ஒரு கூட்டாளிக் கோஷ்டி, சாயங்காலம் பார்க்கில் ஒரு கோஷ்டி, சாப்பாட்டுக்கு மெஸ், அங்கே ஒரு கோஷ்டி. அந்தக் கோஷ்டிகளை வினோதினி நம்பினாள். நம்பியதால்தான் நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தாள்.

இப்போது போனை எடுத்தால், லேப்டாப் என்னாச்சு என்று கேட்பாள். தேங்காய்த் தண்ணி என்றால், பத்து பேர் இருந்த வீட்டில் சொம்பு பிடிக்க ஒருத்தர்கூடவா இல்லை என்று கேட்பாள். அவள் புத்திசாலி. அப்படியே அவங்க அம்மா.

மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ராஜேந்திரன் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள இது சரியாகணும் சின்னசாமி. அவ்ளோதான் எனக்கு வேணும்."

"பயப்படாதீங்க சார். பெட்ரோல் போட்டு ஒரு தொடை தொடைச்சுடுவோம். பிசுக்கு எல்லாம் வுட்டுடும்."

மொபெட்டிலிருந்து ஒரு மூடி பெட்ரோல் எடுத்துத் துணியில் நனைத்துத் துடைத்தார்கள். கட்டைகளின் பிசுக்கு போயிற்று, கட்டைகளில் இருந்த எழுத்தும் போயிற்று. அதே சூட்டில் சின்னசாமி திரையையும் ஒரு துடை துடைத்தார். கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"பாத்தீங்களா? கோடு போயிடுச்சு!" என்றார் சின்னசாமி.

கோடு மட்டுமா போயிற்று? படமும் போயிற்று, வெளிச்சமும் போயிற்று. திரை அடுப்படிச் சுவர் மாதிரி கன்னங்கரேலென்று நின்றது.

ராஜேந்திரன் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து சின்னசாமி குனிந்து பார்த்துவிட்டு, "சார், மேல பொட்டாட்டம் ஒரு வௌக்கு எரியுது பாருங்க. உள்ள உசுரு இருக்குது. கண்ணுதான் போச்சு" என்று ஆறுதல் சொன்னார். "வேணும்னா மோட்டார் காயிலாட்டம் வார்னிஷ்ல ஒரு முக்கு முக்கி எடுக்கலாம். ஆயுசுக்கும் கெட்டி."

"நீ வீட்டுக்குப் போப்பா" என்றார் ராஜேந்திரன்.

சனிக்கிழமை காலை கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். லேப்டாப்பை மொபெட்டில் வைத்துக் குலுக்க பயந்து வீட்டிலேயே விட்டுவிட்டு, ஆளை அழைத்துவரத்தான் போனார். கடைக் கதவில் குங்குமம் வைத்துப் பூட்டு தொங்கியது. பூஜை விடுமுறை, திங்கள் முதல் கடை உண்டு என்று எழுதி ஒட்டியிருந்தது. பூட்டை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

அன்றைக்கு முழுக்க வீட்டில் அவரும் கறுப்புத் திரையும்தான். ஃபிரிட்ஜிலிருந்து சுண்டலை எடுத்து லேப்டாப்புக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். பொய் சொன்னதுதான் சொன்னோம், சுண்டலாவது நிஜமாக இருக்கட்டும் என்று புதன்கிழமை பத்து பேருக்கு வேகவைத்திருந்தார். மூன்று வேளை தின்றும் பாத்திரம் பாதிகூடக் குறையவில்லை.

"உனக்கு வேணுமா?" என்று லேப்டாப்பைக் கேட்டார். "வேணாம். நீ குடிச்ச தண்ணிக்கே இந்தப் பாடு."

போன் அஞ்சு தடவை அடித்தது. ஆறாவது தடவை அதன்மேல் தலையணையைப் போட்டு மூடிவிட்டு, அதைப் பார்க்காத மாதிரி முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பிரஷர் மாத்திரையைக் கையில் எடுத்து, "நாளைக்குப் போட்டுக்கலாம்" என்று திரும்ப டப்பாவில் போட்டார். நாற்காலியிலேயே தூங்கிப்போனார். எழுந்தபோது வாய் ஓரத்தில் சுண்டல் கடலை ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் அதை நிதானமாகவே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஞாயிறு வந்தேவிட்டது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ராஜேந்திரன் ஒரு முடிவுக்கு வந்தார். ஏழு மணிக்குத் தானே போன் போட்டு, பொருத்தமாக ஒரு பொய்யைச் சொல்லிவிடுவது. பொய் என்றால் ஒத்திகை வேண்டும். முகம் கழுவி, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வழக்கம்போல லேப்டாப்புக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். எங்கே பார்த்துப் பேசிப் பழக்கமோ அங்கே பார்த்தால்தானே பேச்சு வரும்?

"வினோ, நல்லா இருக்கியாம்மா? லேப்டாப்புல இடி விழுந்துடுச்சு."

உடனே மகள் குரலில் அவரே கேட்டார்: "அங்க மழையே இல்லைன்னு பேப்பர்ல போட்டிருக்கேப்பா?"

"சரி, இடி வேணாம். வினோ, திருடன் வந்து தூக்கிட்டுப் போயிட்டான்."

"ஐயோ! போலீஸ்ல சொன்னீங்களா? நான் கிளம்பி வரட்டுமா?"

"அய்யய்யோ, திருடனும் வேணாம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "வினோ, பூஜைக்கு வந்தாங்க இல்ல பத்து பேரு, அதுல ஒருத்தரு கை பட்டு தேங்காத் தண்ணி கொட்டிடுச்சு."

இது நன்றாக இருந்தது. உண்மையும் கொஞ்சம் கலந்திருந்தது. ஆனால் வினோதினி விடுவாளா?

"யாருப்பா அது? பேரு என்ன?"

"பேரா? வந்து... சின்னசாமி."

"மத்தவங்க?"

ராஜேந்திரன் விரலை மடக்கினார். சின்னசாமி ஒன்று. கீழ்வீட்டில் குடியிருக்கும் ஜோதியம்மாள் ரெண்டு. அந்த அம்மாவும் பூஜைக்குக் கீழ்பென்னாத்தூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தது. பால்காரர் மூன்று. பால்காரர் பேர் என்ன? தெரியாது. நாலாவது விரலை மடக்காமல் வெகுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். கூட ஆபீசில் இருந்தவர்களில் யார் ஊரை விட்டுப் போனார்கள், யார் உலகத்தை விட்டே போனார்கள் என்று யோசித்துப் பார்த்தார். நாலாவது விரலுக்கு ஆள் கிடைக்கவில்லை.

கையை மடியில் போட்டுக்கொண்டார். கறுப்புத் திரையைப் பார்த்தார். செத்த மிஷின்தானே, அதனிடம் சொன்னால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று தோன்றியது.

"யாரும் வரல வினோ" என்றார். "ஒருத்தரும் வரல. நான் யாரையும் கூப்பிடவும் இல்ல. கூப்பிட்டு யாரும் வரலன்னா அதை யார்கிட்ட போய் சொல்றது? கிரிவலக் கோஷ்டியும் கிடையாது, பார்க்கு கோஷ்டியும் கிடையாது. பௌர்ணமி அன்னிக்கு ஊருக்கே லட்சம் பேரு வர்றான். நான் மாடியில நின்னு போறவங்க தலையை எண்ணிக்கிட்டு இருப்பேன். ஒரு தடவை நானும் இறங்கிப் போனேன். பாதி வழியில செருப்பு அறுந்துச்சு. 'சார், செருப்பு அறுந்துடுச்சு'ன்னு சொல்லக்கூட பக்கத்துல தெரிஞ்ச மூஞ்சி இல்ல. திரும்பி வந்துட்டேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டார். சொல்ல ஆரம்பித்துவிட்டால் நிறுத்தத் தெரியவில்லை.

"மெஸ்ஸுன்னு சொன்னேனே, போறதே இல்ல. தயிர்சாதம்தான். தட்டு கழுவறதுக்குச் சோம்பல்பட்டு சட்டியிலேயே சாப்பிடறேன். உங்கம்மா பாத்தா வெளக்குமாத்தால அடிப்பா. திங்கக்கெழமை காலையிலேயே அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு எத்தனை நாளுன்னு எண்ண ஆரம்பிச்சுடறேன். உன்னப் பாக்கணும் போல இருக்கும்மா. அரை மணி நேரம் பத்தல. ஆனா இத உன்கிட்ட சொன்னா நீ அங்க சோறு திங்கமாட்ட. அதனால சொல்லமாட்டேன். நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவேன்."

சட்டை முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அறுபத்தொரு வயசில் ஒரு எறும்பு மொய்த்த டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து அழுவது ஒரு பிழைப்பா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கடைசியில் எழுந்தார். போன் மேல் இருந்த தலையணையை எடுத்தார். எடுத்ததுமே அது அலற ஆரம்பித்தது. எடுக்கவில்லை. மணி ஓய்ந்தது. இன்னும் ஒத்திகை பாக்கி இருந்தது.

"இடிதான் சரி" என்று தீர்மானித்தார். "இடி விழுந்ததுக்கு யாரையும் பேர் கேக்க முடியாது."

முதலில் இந்த லேப்டாப்பைக் கண்ணுக்கு மறைவாக வைக்க வேண்டும். நாளைக்குக் கடையில் கொடுத்தால் ஆயிற்று. புதன்கிழமையிலிருந்து சுவரில் சொருகிக் கிடந்த ஒயரைப் பிடுங்க மேஜைக்கு அடியில் குனிந்தார்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. ஜோதியம்மாள். அப்போதுதான் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்தது போலும், தோளில் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. ஒரு கையில் செல்போன். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"சார், சார்! அந்த ஒயரப் புடுங்கிடாதீங்க சார்!"

ராஜேந்திரன் மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "ஏம்மா? அதுதான் செத்துப்போயி மூணு நாள் ஆச்சே?"

ஜோதியம்மாள் செல்போனை அவர் பக்கம் நீட்டியது. உள்ளேயிருந்து யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது.

"இன்னா சார் சொல்றீங்க, உங்களுக்குத்தான் அது இருட்டு, உங்க பொண்ணு வெள்ளிக்கெழமையிலேர்ந்து அந்தப் பொட்டி வழியா உங்களப் பாத்துக்கினு, நீங்க பேசறதெல்லாம் கேட்டுக்கினுதான் இருக்குதாம், அது பாக்கறது தெரிஞ்சா மறுபடியும் நல்லா இருக்கேன்னு ஆரம்பிச்சுடுவீங்கன்னு மூச்சு வுடாம இருந்துச்சாம்!"